வேதத்தைக் கேட்கப் பழகுவது எப்படி? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

ரோமர் 10:17-ஐ முதல்முறை வாசித்தபோது எனக்கு ஒரு தவறான சந்தோஷம் வந்தது. "விசுவாசம் கேள்வியினால் வரும்" என்று அங்கே இருக்கிறது. ஆகா, கேள்வி கேட்கிறவனுக்குத்தான் விசுவாசம் வரும் என்று பவுலே சொல்லிவிட்டாரே என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த இடத்தில் "கேள்வி" என்றால் காதால் கேட்பது. பழைய தமிழ் வழக்கு. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் பல வருஷம் கழித்து யோசிக்கும்போது, அந்தத் தவறிலும் பாதி சரி இருந்ததாகத் தோன்றுகிறது.

தமிழில் "கேள்" என்ற ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது. பாட்டுக் கேட்டேன் என்றால் காதில் வாங்கினேன். வழி கேட்டேன் என்றால் விசாரித்தேன். சொன்னால் கேட்கமாட்டாயா என்று அம்மா அதட்டினால், சொன்னபடி செய் என்று அர்த்தம். "இஸ்ரவேலே, கேள்" என்று உபாகமம் 6:4 தொடங்குகிறதே, அங்குள்ள எபிரெயச் சொல்லான "ஷமா"வுக்கும் காதில் வாங்குவது, கீழ்ப்படிவது என்ற இரண்டு பொருளும் உண்டு. விசாரிப்பதற்கு எபிரெயத்தில் வேறு சொல். விசாரிப்பது என்ற அந்தக் கூடுதல் பொருள் தமிழ் நமக்குக் கொடுத்திருக்கிற லாபம். வேதத்தை ஆவிக்குரிய விதத்தில் கேட்பது என்றால் இந்த மூன்றையும் சேர்த்துச் செய்வது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது அவ்வளவுதான். எப்படிச் செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எந்தப் பகுதியில் தொடங்குவது

ஆதியாகமத்திலிருந்து வரிசையாகப் போகிறேன் என்று கிளம்புகிறவர்களில் பலர் லேவியராகமத்தில் நின்றுபோகிறார்கள். கேட்கப் பழகுவதற்கு நான் சிபாரிசு செய்வது மாற்கு 4:1-20. விதைக்கிறவன் உவமை: ஒருவன் விதைக்கிற விதை நான்கு விதமான நிலத்தில் விழுகிற கதை. காரணம், அது கேட்பதைப் பற்றியே சொல்லப்பட்ட கதை. "கேளுங்கள்" என்று இயேசு அதை ஆரம்பிக்கிறார் (4:3). "கேட்கிறதற்குக் காதுள்ளவன் கேட்கக்கடவன்" என்று முடிக்கிறார் (4:9). இந்த "கடவன்" என்கிற பழைய விகுதியைப் பார்த்து மிரள வேண்டாம். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பில் அதே வரி "கேட்கச் செவியுள்ளோர் கேட்கட்டும்" என்று இருக்கிறது. இரண்டு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பழகிப்போய்க் காதைக் கடந்துவிடுகிற வரி, இன்னொன்றில் திடீரென்று தட்டும்.

ஒரு நோட்டு, ஒரு பேனா, இருபது நிமிடம். இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. போனை எடுத்து வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

வாய்விட்டு வாசியுங்கள்

ஒரு சின்ன ஜெபத்தோடு தொடங்கலாம். சிறுவன் சாமுவேல் சொன்ன "சொல்லும்; அடியேன் கேட்கிறேன்" என்பதே போதும். பிறகு அந்த இருபது வசனங்களையும் சத்தமாக வாசியுங்கள். சில நிமிடங்கள்தான் ஆகும்.

சத்தமாக ஏன்? இந்தப் புத்தகங்கள் எழுதப்பட்ட காலத்தில் பெரும்பாலோர் அவற்றைக் காதால்தான் பெற்றுக்கொண்டார்கள். வெளிப்படுத்தல் 1:3-ஐப் பாருங்கள்: "வாசிக்கிறவனும்" ஒருமையில் இருக்கிறது, "கேட்கிறவர்களும்" பன்மையில் இருக்கிறது. ஒருவர் வாசிக்க, ஒரு கூட்டமே கேட்டிருக்கிறது. அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் தனியாக உட்கார்ந்து ஏசாயாவை வாசிக்கிறார். பிலிப்பு ஓடிப்போய்ப் பக்கத்தில் சேர்ந்தபோது அவர் எந்தப் புத்தகத்தை வாசிக்கிறார் என்று காதாலேயே தெரிந்துவிடுகிறது. தனியாக வாசிக்கிறவரும் வாய்விட்டுத்தான் வாசித்திருக்கிறார்.

கண்ணால் மட்டும் வாசிக்கும்போது, தெரிந்த வரிகளைத் தாண்டிக் குதித்துவிடுவோம். நாக்கு அப்படிக் குதிக்காது. முதல் முறை கதைக்காக வாசியுங்கள். இரண்டாம் முறை மெதுவாக, காற்புள்ளி முற்றுப்புள்ளிக்கெல்லாம் நின்று. மூன்றாம் முறை வேறு யாராவது வாசிக்க, கண்ணை மூடிக் கேளுங்கள். ஆள் இல்லையென்றால் உங்கள் குரலையே பதிவு செய்து போட்டுக் கேட்கலாம். ஆரம்பத்தில் கூச்சமாகத்தான் இருக்கும்.

வேலை செய்துகொண்டே ஒலி வேதாகமம் கேட்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அதை இந்தப் பயிற்சியின் கணக்கில் சேர்க்காதீர்கள். தூக்கம் வந்தால் தூங்கிவிடுங்கள். பவுல் நள்ளிரவு வரை பிரசங்கித்தபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கிப்போய் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தது வேதத்திலேயே இருக்கிறது. பவுல் கீழே போய் அவனை அணைத்துக்கொண்டார், திட்டவில்லை.

யாரிடம் சொல்லப்பட்டது?

வாசித்தவுடன் "இது எனக்கு என்ன சொல்கிறது?" என்று பாயாதீர்கள். ஒரு பத்து நிமிடம் அந்த ஆசையை அடக்கிவையுங்கள். முதலில் அது யாரிடம், எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்று பாருங்கள்.

"இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன், ஒருவன் என் சத்தத்தைக் கேட்டு, கதவைத் திறந்தால்..." என்ற வசனத்தை (வெளி. 3:20) புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்களை அழைக்கத்தான் அதிகமாகப் பயன்படுத்துகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கடிதம் லவோதிக்கேயா சபைக்கு எழுதப்பட்டது. ஐசுவரியவான் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, குளிரும் இல்லாமல் அனலும் இல்லாமல் இருந்த சபை. ஏற்கெனவே விசுவாசிகளாக இருந்தவர்களின் வாசலில்தான் இயேசு வெளியே நின்று தட்டுகிறார். இது தெரிந்ததும் வசனத்தின் எடை மாறிவிடுகிறது, இல்லையா? வீட்டுக்குள்ளே பாட்டுச் சத்தம், வாசலில் வீட்டுக்காரர்.

இப்போது நாம் பார்க்கிற வசன எண்களும் இந்தச் சிக்கலுக்கு ஒரு காரணம். புதிய ஏற்பாட்டுக்கு இந்த எண்கள் 1551-இல்தான் போடப்பட்டன. தேடிக் கண்டுபிடிக்க வசதி. ஆனால் ஒவ்வொரு வசனமும் தனியாக நிற்கும் பொன்மொழி என்ற எண்ணத்தையும் அவை கொண்டுவந்துவிட்டன. கண்ணை மூடிக்கொண்டு எங்காவது விரல் வைத்து, அதுதான் இன்றைய செய்தி என்று எடுத்துக்கொள்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடச் சொல்வேன். பழங்காலத் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீன் 386-இல் மிலான் நகரத்தில் கைக்கு வந்த பக்கத்தைத் திறந்து மனந்திரும்பினார், உண்மைதான். ஆனால் அதற்கு முன் வருஷக்கணக்காக அவர் தேடிக்கொண்டும் வாதாடிக்கொண்டும் இருந்திருக்கிறார். அந்த ஒரு நிமிடத்தை மட்டும் நகல் எடுக்க முடியாது.

நின்று கேளுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

மாற்கு 4-இல் கூட்டம் முழுவதும் ஒரே உவமையைத்தான் கேட்டது. காதில் விழுந்ததில் யாருக்கும் குறை இல்லை. கதை முடிந்ததும் கூட்டம் கலைகிறது. பத்தாம் வசனம் என்ன சொல்கிறது? அவர் தனித்திருக்கிறபோது, பன்னிருவரும் சுற்றியிருந்த மற்றவர்களும் "இந்த உவமையைக்குறித்து அவரிடத்தில் கேட்டார்கள்." அவ்வளவுதான் வித்தியாசம். அவரோடு உள்ளே இருந்தவர்கள் புத்திசாலிகள் என்று மாற்கு எங்கும் எழுதவில்லை. அவர்களுக்கும் புரியவில்லை. புரியவில்லை என்று தெரிந்து, போகாமல் நின்று கேட்டார்கள்.

அதற்கு அடுத்து வருகிற இரண்டு வசனங்கள் கடினமானவை. "கேட்டும் உணராதபடி" என்று ஏசாயா 6-இல் இருந்து ஒரு மேற்கோள். மறைப்பதற்காகவே உவமை சொன்னாரா என்று நெஞ்சில் குத்தும். இதைப் பற்றி வேத அறிஞர்கள் நூற்றாண்டுகளாக விவாதித்துவருகிறார்கள். ஒரே மூச்சில் தீர்த்துவிட வேண்டியதில்லை, நோட்டில் கேள்விக்குறி போட்டு வையுங்கள். ஆனால் கதையைத் தொடர்ந்து வாசித்தால் ஒன்று தென்படும். இதே கடிந்துகொள்ளுதல் மாற்கு 8:18-இல் சீஷர்கள் மேலேயே விழுகிறது: "காதுகளிருந்தும் கேளாதிருக்கிறீர்களா?" அதற்கு முந்தின அதிகாரத்தில்தான் ஒரு செவிடனின் காதில் இயேசு விரலை வைத்து, பெருமூச்சுவிட்டு, "எப்பத்தா" என்கிறார். திறக்கப்படுவாயாக என்று அர்த்தம். சீஷர்களின் காதும் அதே வைத்தியத்துக்குக் காத்திருக்கிற காதுதான் என்று மாற்கு காட்டுவதாக நான் வாசிக்கிறேன். உள்ளே இருப்பவர், வெளியே இருப்பவர் என்பது நிரந்தர அடையாள அட்டை இல்லை.

சரி, என்ன கேள்விகள் கேட்பது? பகுதியின் மேலேயே கேளுங்கள். எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது? எது எனக்கு ஆச்சரியமாக இருந்தது? எது எரிச்சலூட்டியது? எரிச்சலைக் கட்டாயம் எழுதி வையுங்கள், பெரும்பாலும் அங்கேதான் ஏதோ ஒன்று காத்திருக்கும். உவமையின் விளக்கத்தில் வழியோரம், கற்பாறை, முள், நல்ல நிலம் ஆகிய நான்குக்கும் "கேட்கிறார்கள்" என்ற சொல் வருவதைக் கவனியுங்கள். கேளாத நிலம் ஒன்றுகூட இல்லை.

இன்னும் கொஞ்சம் போகலாம். நல்ல நிலம் கேட்ட பிறகு என்ன செய்கிறது என்பதை மூன்று சுவிசேஷங்களிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்கு 4:20-இல் வசனத்தைக் கேட்டு ஏற்றுக்கொள்கிறது. மத்தேயு 13:23-இல் கேட்டு உணர்கிறது. லூக்கா 8:15-இல் இருதயத்திலே காத்து, பொறுமையோடு பலன் கொடுக்கிறது. ஏற்பது, உணர்வது, காத்துவைப்பது. நான் இதைக் கண்டுபிடித்த அன்று நோட்டில் வேறெதுவும் எழுதவில்லை. இப்படி ஒன்றை நீங்களாகக் கண்டுபிடிப்பதும், யாராவது பிரசங்கத்தில் சொல்லிக் கேட்பதும் ஒன்றல்ல.

வழியோர நிலம் ஏன் இறுகியிருக்கிறது? ஆட்கள் நடந்து நடந்து. சின்ன வயதிலிருந்தே வேதத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வரும் ஆபத்து அதுதான் என்பது என் அபிப்பிராயம். புதிதாக வருகிறவர்களுக்கு இதில் ஒரு சலுகை இருக்கிறது. உங்கள் நிலத்தில் இன்னும் அவ்வளவு பேர் நடக்கவில்லை.

இது அவருக்கு ஏற்ற வசனம்!

பிரசங்கம் கேட்கும்போது எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நல்ல வார்த்தை ஒன்று வந்தவுடன், அது யாருக்குப் பொருந்தும் என்று மனசு முகங்களைத் தேடும். அவர் இன்றைக்கு வந்திருக்கிறாரா என்று திரும்பிக்கூடப் பார்த்திருக்கிறேன்.

2 சாமுவேல் 12-இல், இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைச் சாகவும் வைத்த தாவீது ராஜாவும் இதையேதான் செய்தான். ஐசுவரியவான் ஒருவன் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்து வைத்த கதையைத் தீர்க்கதரிசி நாத்தான் அவனிடம் சொல்கிறார். தாவீது ஒரு சொல் விடாமல் கேட்டான். கோபம் மூண்டது, தீர்ப்பும் சொன்னான், சட்டப்படி நாலத்தனையாகத் திரும்பச் செலுத்த வேண்டும் என்றுகூடச் சொன்னான். அவ்வளவு கவனமான கேட்டல். ஆனால் திசை தப்பு. "நீயே அந்த மனுஷன்" என்று நாத்தான் சொன்ன பிறகுதான் கதை காதுக்குள் போனது.

ஆகவே ஒரு சின்ன விதி: வாசித்த பகுதியில் மனசு வேறொருவர் முகத்தைக் காட்டினால், அந்த இடத்திலேயே நிறுத்தி, அவர் பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டு மறுபடி வாசியுங்கள். சுகமாக இருக்காது.

சொன்னபடி கேட்பது

மூன்றாவது "கேள்". யாக்கோபு 1:22-24 இதைக் கண்ணாடி உவமையாகச் சொல்கிறது. வசனத்தைக் கேட்டும் செய்யாதவன், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய், தன் சாயல் என்னவென்பதை உடனே மறந்துவிடுகிறவன். உடனே என்பதுதான் அங்கே விஷயம். ஆகவே எழுந்திருக்கும் முன், இன்றைக்குள் செய்துமுடிக்கக்கூடிய ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள். "இனிமேல் எல்லாரையும் நேசிப்பேன்" என்று எழுதினால் அது நடக்காது. "சாயங்காலத்துக்குள் அண்ணனைக் கூப்பிட்டுப் பேசுவேன்" என்று எழுதினால் நடக்கலாம்.

நெகேமியா 8-இல் ஒரு அழகான மாதிரி இருக்கிறது. எஸ்றா விடியற்காலம் முதல் மத்தியானம் வரை நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறார். ஆலய ஊழியர்களான லேவியர் "அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை விளங்கப்பண்ணினார்கள்." ஜனங்கள் அழுகிறார்கள். மறுநாள் வாசிப்பில் கூடாரப்பண்டிகையைப் பற்றிய கட்டளை கண்ணில் படுகிறது. உடனே மலைக்குப் போய் ஒலிவக் கிளையும் பேரீச்ச மட்டையும் வெட்டிவந்து, மொட்டைமாடியிலும் முற்றத்திலும் கூடாரம் போட்டுவிடுகிறார்கள். அதைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடத்திக்கொண்டிருக்கவில்லை.

கேட்டது சரிதானா?

"ஆவிக்குரிய" என்ற சொல்லைப் பலர் உடம்பு சிலிர்ப்பதோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். சிலிர்த்தால் சிலிர்க்கட்டும். ஆனால் 1 கொரிந்தியர் 2:14-இல் ஆவிக்குரியவை "ஆராய்ந்து நிதானிக்கப்படுகிறவைகள்" என்று பவுல் சொல்கிற இடத்தில் வருகிற கிரேக்க வினைச்சொல், விசாரணை செய்வதற்கும் பயன்படுகிற சொல். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதை அப்படியே விழுங்காமல், "காரியங்கள் இப்படியிருக்கிறதா" என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள் என்கிறதே அப்போஸ்தலர் 17:11, அங்கேயும் அதே வினைச்சொல்தான். ஆராய்வது ஆவிக்கு எதிரானது என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு வசனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள்.

மத்தேயு 4-ஐயும் மறக்க வேண்டாம். தேவாலயத்து உப்பரிகையில் பிசாசும் வேத வசனம்தான் சொன்னான், 91-ஆம் சங்கீதத்திலிருந்து. வார்த்தை வேதத்தில் இருப்பதுதான், பிரயோகம்தான் கோணல். இயேசு இன்னொரு வசனத்தை அதன் பக்கத்தில் வைத்து அதை நேராக்கினார். வசனத்தை வசனத்தோடு வைத்துப் பார்ப்பது என்றால் இதுதான்.

அப்புறம், தனியாகவே இருக்காதீர்கள். சாமுவேலின் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம், அவனை வளர்த்த ஆசாரியர் ஏலி. வயதாகிக் கண் மங்கிவிட்டது, பிள்ளைகள் கெட்டுப்போனார்கள், அவரே அவர்களை அடக்கத் தவறியவர். ஆனாலும் ஏலிதான் கூப்பிட்டார் என்று நினைத்து மூன்று முறை ஓடிவந்த சிறுவனைக் கூப்பிடுகிறவர் கர்த்தர் என்று கண்டுகொண்டது அந்தக் கிழவர்தான். கூப்பிடப்பட்டவனுக்கே குரல் அடையாளம் தெரியவில்லை. உங்களுக்கும் ஒரு ஏலி வேண்டும். குறையே இல்லாத ஆள் கிடைக்கும்வரை காத்திருந்தால் கிடைக்கமாட்டார். கேட்டதை அவரிடம் சொல்லும்போது "கர்த்தர் என்னிடம் சொன்னார்" என்று ஆரம்பிக்காமல், "எனக்கு இப்படிப் பட்டது, சரியா?" என்று ஆரம்பியுங்கள். முதல் வாக்கியம் பேச்சை முடித்துவிடும். இரண்டாவது தொடங்கிவைக்கும்.

ஒன்றுமே கேட்கவில்லை என்றால்

பல நாள் அப்படித்தான் இருக்கும். வாசித்தேன், எழுதினேன், ஒன்றும் நடக்கவில்லை. சாமுவேலின் நாட்களிலேயே "கர்த்தருடைய வசனம் அபூர்வமாயிருந்தது" என்று எழுதியிருக்கிறது. மாற்கு 4-இலேயே, நாம் பார்த்த உவமைக்குச் சற்றுக் கீழே, 26 முதல் 29 வரை இன்னொரு குட்டி உவமை இருக்கிறது. விதைத்தவன் இரவில் தூங்குகிறான், பகலில் விழிக்கிறான், விதை "அவனுக்குத் தெரியாதவிதமாய்" முளைத்துப் பயிராகிறது. வறண்ட நாட்களில் அதை வாசியுங்கள். அன்றைய தேதியை மட்டும் போட்டு, "இன்று ஒன்றும் இல்லை" என்று நோட்டில் எழுதிவிட்டு எழுந்துவிடலாம். இல்லாததை இருப்பதாக எழுதாதீர்கள், அதுதான் முக்கியம்.

இந்தப் பகுதியிலேயே ஒரு வாரம் இருங்கள். அடுத்த வாரம் லூக்கா 24, எம்மாவு சாலை. கூடவே நடந்து வேதத்தை விளக்குகிற, உயிர்த்தெழுந்த இயேசுவையே அடையாளம் தெரியாமல் இரண்டு பேர் கேட்டுக்கொண்டு போகிறார்கள். அதற்கடுத்து யோவான் 12:27-30. அங்கே வானத்திலிருந்து வந்த ஒரே சத்தம் சிலருக்கு இடியாகவும் சிலருக்குத் தூதன் பேசியதாகவும் கேட்கிறது. பிறகு வெளிப்படுத்தல் 2, 3 அதிகாரங்களில் உள்ள ஏழு கடிதங்கள், வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொரு கடிதத்திலும் "காதுள்ளவன் கேட்கக்கடவன்" வரும். ஏழாவது கடிதம் லவோதிக்கேயாவுக்கு. அதற்குள் நோட்டில் பாதியாவது நிரம்பியிருக்கும். முதல் நாள் போட்ட கேள்விக்குறிகளை அப்போது ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.